கனடாவின் அகதிச் சட்டத்தில் யார் குடும்பம்?

அமெரிக்காவிலிருந்து தரைவழியாகக் கனடா எல்லைக்கு வந்து அகதிப் பாதுகாப்புக் கோரும் ஒருவருக்கு, ரொறன்ரோவில் நிரந்தர வதிவிடம் பெற்ற ஒரு சித்தி இருந்தால், அந்த ஓர் உறவே அவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்கப் போதுமான காரணமாகலாம். அதே ஆள் சில ஆண்டுகளுக்குப் பின்னர் அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஊரில் தனியே இருக்கும் தன் தாயை அந்த விண்ணப்பத்தில் சேர்க்க முடியாது. எல்லையில் சித்தி குடும்பம். விண்ணப்பத்தில் தாய் குடும்பமல்ல. இரண்டு விதிகளும் ஒரே ஒழுங்குவிதித் தொகுப்பிலேயே இருக்கின்றன.

2002 ஜூன் 28ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் குடும்பத்தைப் புறக்கணிப்பவை அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் அவை வேறொரு குடும்பத்தைப் பார்க்கின்றன என்பதே சிக்கல். எல்லையில் பார்க்கப்படுவது அகலமான குடும்பம். விசாரணையில் அது ஒரே அறையில் உட்காரவைத்துத் தனித்தனியாகத் தீர்ப்பளிக்கப்படும் குடும்பம். ஏற்கப்பட்ட பின்னரோ துணையும் பிள்ளைகளும் மட்டுமே கொண்ட குறுகிய குடும்பம். முதல் நாள் நிரப்பும் படிவத்தில் ஓர் உறவினரின் பெயரை எழுதுவதும் விடுவதும் இந்த மூன்று கட்டங்களிலும் மூன்று விதமாக விளையும். அதை அறியாமல் எழுதியதால் பின்னர் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு.

எல்லையில்

கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்படிக்கை 2004 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் காலடி வைத்த நாட்டிலேயே பாதுகாப்புக் கோர வேண்டும் என்பதே அதன் சாரம். நீண்ட காலமாக அது உத்தியோகபூர்வ எல்லைக் கடவைகளுக்கு மட்டுமே பொருந்தியது. 2023 மார்ச் 25 முதல் முழுத் தரையெல்லைக்கும் விரிக்கப்பட்டு, கடவைக்கு வெளியே நுழைந்து 14 நாட்களுக்குள் கோரிக்கை வைப்பவரையும் திருப்பி அனுப்ப இடமளித்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம், உடன்படிக்கையைச் செயற்படுத்தும் விதி உயிர், சுதந்திரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உரிமையை மீறவில்லை என்று கூறி, சமத்துவ உரிமை பற்றிய கேள்வியை மட்டும் சமஷ்டி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

இந்த உடன்படிக்கைக்குள்ள விதிவிலக்குகளில் மிக அதிகமாகப் பேசப்படுவது குடும்ப உறவு பற்றியது. கணவன், மனைவி, திருமணமின்றிச் சேர்ந்து வாழும் துணை, சட்டபூர்வ பாதுகாவலர், பிள்ளை, தாய், தந்தை, சகோதரர், பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளை, பெற்றோரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் என்று பட்டியல் நீள்கிறது. கனடாவில் இருக்கும் அந்த உறவினர் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பாதுகாக்கப்பட்டவர் (அகதியாக ஏற்கப்பட்டவர்) என்ற நிலையோ உடையவராக இருக்க வேண்டும். தன் அகதிக் கோரிக்கை, கோரிக்கைகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் குடிவரவு, அகதிகள் சபையின் முன் நிலுவையில் உள்ள 18 வயது நிரம்பிய ஒருவராகவும் இருக்கலாம். தானே இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் அண்ணனால் தம்பியின் கோரிக்கைக்கு வாசல் திறக்க முடிகிறது என்பது பலர் அறியாத சங்கதி. வெறும் வருகை விசாவில் நிற்பவரால் அது முடியாது.

நம் வீடுகளில் உடன்பிறந்தவராகவே வளரும் பெரியப்பா மகனும் சித்தி மகளும் இந்தப் பட்டியலில் இல்லை. மனைவியின் தம்பியும் இல்லை. உறவைக் கேட்டதும் ‘அண்ணன்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு பிறப்புச் சான்றிதழில் வேறு தகப்பன் பெயரைக் காட்டுபவர், விதிவிலக்கை இழப்பதோடு நிற்பதில்லை. பொய் சொன்னார் என்ற குறிப்பும் அவருடைய கோப்பில் ஏறிவிடலாம்.

நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருடையது. இங்கே தமிழ்ப் பெயர் முறை தனியான தலையிடியைத் தருகிறது. தந்தையின் பெயரே பிள்ளையின் பெயரோடு வருவதால், மருமகனுக்கும் தாய்மாமனுக்கும் பொதுவான குடும்பப் பெயர் என்று ஒன்றும் கடவுச்சீட்டில் இருக்காது. அதிகாரி பார்ப்பது தொடர்பே இல்லாத இரண்டு பெயர்களை. ஆகவே ஆவணங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட வேண்டும்: கோருபவரின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர், தாயின் பிறப்புச் சான்றிதழில் பாட்டனின் பெயர், மாமனின் பிறப்புச் சான்றிதழிலும் அதே பாட்டனின் பெயர். இதில் ஒரு கண்ணி, பெரும்பாலும் தாயின் பழைய சான்றிதழ், கையில் இல்லாவிட்டால் உறவு உண்மையாக இருந்தும் பயனில்லை.

உறவினர் இருக்கிறார் என்று நம்பி வருபவர் கவனிக்க வேண்டிய இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஒன்றில் முன்னரே அகதிக் கோரிக்கை வைத்தவரின் கோரிக்கை சபைக்கு அனுப்பப்படாது என்று 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. அவருக்கு எஞ்சுவது நாடு கடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடு மட்டுமே. பல ஆண்டுகளுக்கு முன் லண்டனில் கோரி நிராகரிக்கப்பட்ட கணவனும், எங்கும் கோராத மனைவியும் ஒரே நாளில் ஒரே கடவையில் வந்து இறங்கினாலும், மனைவி சபைக்கும் கணவன் அதிகாரியின் மதிப்பீட்டுக்குமாகப் பிரிக்கப்படுகிறார்கள்.

குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் எல்லை தாண்ட உதவுவது குற்றமா என்ற கேள்வியும் கனடாவில் எழுந்தது. அதை எழுப்பியது தமிழர் வந்த கப்பல்தான். 2009இல் 76 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை வந்தடைந்த ‘ஓஷன் லேடி’ தொடர்பான ஆட்கடத்தல் வழக்கில், 2015 நவம்பர் 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம், ஆட்கடத்தலைக் குற்றமாக்கிய, குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் அன்றிருந்த 117ஆம் பிரிவு அளவுக்கு மீறி அகன்றது என்று தீர்ப்பளித்தது. மனிதாபிமான உதவி, அகதிகள் தமக்குள் செய்துகொள்ளும் பரஸ்பர உதவி, குடும்பத்தினருக்குச் செய்யும் உதவி ஆகிய மூன்றும் அந்தக் குற்றத்துக்குள் வரமாட்டா என்று நீதிமன்றம் வரையறுத்தது. தன் தம்பியைக் கப்பலில் ஏற்றிவிட்டவரையும் பணத்துக்காக ஆட்களை ஏற்றியவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று சொல்ல ஓர் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

ஒரே அறை, தனித்தனித் தீர்ப்பு

கோரிக்கை குடிவரவு, அகதிகள் சபையின் அகதிப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனதும் சட்டத்தின் 96ஆம், 97ஆம் பிரிவுகளே அளவுகோலாகின்றன. முன்னது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் வரைவிலக்கணத்தை எடுத்துக்கொள்கிறது: இனம், மதம், தேசியம், குறித்த ஒரு சமூகக் குழுவில் உறுப்பினராக இருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவார் என்ற ஆதாரமுள்ள அச்சம். பின்னது சித்திரவதை, உயிராபத்து, கொடூரமான நடத்துகை ஆகியவற்றைப் பற்றியது. இரண்டும் பேசுவது ‘ஒருவரை’ப் பற்றித்தான். அகதியின் மனைவி என்பதாலோ பிள்ளை என்பதாலோ அந்தஸ்து தானாக வந்து சேரும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

உலகம் முழுவதும் இப்படியில்லை. அமெரிக்காவில் புகலிடம் வழங்கப்பட்டவரின் துணையும் 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளும் அவரைத் தொடர்ந்து அதே அந்தஸ்தைப் பெற முடியும். ஆஸ்திரேலியாவிலும் பாதுகாப்பு விசா பெறுபவரின் குடும்ப அலகைச் சேர்ந்தவர் என்பதே விசாவுக்குரிய ஓர் அடிப்படை. 1951 உடன்படிக்கையின் வரைவிலக்கணம் குடும்ப ஒற்றுமை பற்றி எதுவும் கூறவில்லை என்றாலும், அதை உருவாக்கிய மாநாட்டின் இறுதி ஆவணம் அகதியின் குடும்பத்தைப் பாதுகாக்குமாறு அரசுகளுக்குப் பரிந்துரைத்தது. குடும்பத் தலைவர் அகதியானால் அவரைச் சார்ந்தோருக்கும் வழமையாக அந்தஸ்து வழங்கப்பட வேண்டும் என்றே ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகத்தின் கைந்நூலும் சொல்கிறது. 1969இல் உடன்படிக்கையில் இணைந்த கனடா அந்தக் கொள்கையை வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவரவில்லை. 1990களின் நடுப்பகுதியிலேயே அதன் நீதிமன்றங்கள், குடும்ப ஒற்றுமை என்பது அகதி யார் என்று தீர்மானிக்கும் கட்டத்துக்குரியதல்ல, அதற்குப் பின்னர் வரும் குடிவரவுக் கட்டத்துக்குரியது என்று கூறிவிட்டன. உறவினருக்கு நேர்ந்த கொடுமையைப் பார்த்து வருந்துவது தன்னளவில் துன்புறுத்தல் ஆகாது என்பதும் அக்காலத் தீர்ப்புகளின் நிலைப்பாடு.

விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். தாயும் தந்தையும் இலங்கைப் பிரஜைகள். மூத்த பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தது. இளையது பெற்றோர் அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில் நியூ ஜேர்சியில் பிறந்தது. நால்வரின் கோரிக்கைகளும் சபையின் விதிகளின்படி தாமாகவே ஒன்றிணைக்கப்படும். அந்த இணைப்பு விதி துணை, பிள்ளை, பெற்றோர், சகோதரர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளை வரை செல்வது. விசாரணை ஒன்று, சாட்சியம் ஒன்று. ஆனால் தீர்ப்பில் பெற்றோரும் மூத்த பிள்ளையும் ஏற்கப்பட, இளைய பிள்ளை நிராகரிக்கப்படும். அது அமெரிக்கக் குடியுரிமையுடன் பிறந்த பிள்ளை. தான் குடியுரிமை கொண்ட ஒவ்வொரு நாட்டிலும் ஆபத்து உண்டென்று காட்ட வேண்டும் என்பது சட்டம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அமெரிக்காவில் என்ன துன்புறுத்தல்? மனைவி இந்தியப் பிரஜையாக இருந்தாலும் இதே நிலைதான். கணவனின் வவுனியா அனுபவம் எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தாலும், மனைவி இந்தியாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பெற்றோர் பின்னர் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளையைக் குடும்ப உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், தீர்ப்புக் கடிதத்தைப் பார்த்துப் பதறியவர்கள் பிறகு ஓரளவு மூச்சுவிடுவது வழக்கம்.

குடும்ப உறவே ஆபத்துக்குக் காரணமாகும் சந்தர்ப்பம் இதிலிருந்து வேறானது. இலங்கைத் தமிழருக்கு அது நன்கு பழக்கமானதும்கூட. தேடப்படும் ஒருவரின் மனைவி, தம்பி, தகப்பன் ஆகியோர் விசாரணைக்கு அழைக்கப்பட்டதும் தடுத்து வைக்கப்பட்டதும் அவர்கள் ஏதோ செய்ததற்காக அல்ல. 1993இல் வோர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமூகக் குழு என்பதற்கு மூன்று வகைகளை வகுத்தது. பிறப்பாலோ மாற்ற முடியாத தன்மையாலோ அமைந்த குழு அவற்றில் ஒன்று. குடும்பமும் அப்படியொரு சமூகக் குழு என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் ஓர் எல்லையுடன்: முதலில் குறிவைக்கப்பட்டவர் உடன்படிக்கை கூறும் ஐந்து காரணங்களில் ஒன்றுக்காகக் குறிவைக்கப்பட்டிருக்க வேண்டும். கப்பம் கேட்கும் கும்பல் தகப்பனை விட்டு மகனைத் தேடினால், அது குடும்பத்தின் மீதான தாக்குதலாக இருந்தாலும் அடிவேர் குற்றச்செயல் என்பதால் 96ஆம் பிரிவுக்குள் வராமல் போகலாம். அப்போது 97ஆம் பிரிவைத் தேட வேண்டும். அங்கேயோ நாட்டிலுள்ள மற்றவர்கள் பொதுவாக எதிர்கொள்ளாத, தமக்கே உரிய ஆபத்து என்று காட்ட வேண்டும். ஆகவே ‘என் அண்ணனைத் தேடி வந்து என்னை அடித்தார்கள்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது போதாது. அண்ணனை ஏன் தேடினார்கள் என்பதே கோரிக்கையின் முதுகெலும்பு.

ஒன்றிணைந்த விசாரணையில் வெளியே தெரியாத ஓர் இடர் இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் கோரிக்கையின் அடிப்படைப் படிவம் நிரப்பினாலும், நடைமுறையில் குடும்பத்தின் கதையைக் கணவன் எழுத, மற்றவர்கள் ‘என் கணவரின் விபரத்தைப் பார்க்கவும்’ என்று எழுதிக் கையெழுத்திடுவது சாதாரணம். தடுப்புக் காவலில் தனக்கு நடந்ததைக் கணவனிடமே சொல்லாத ஒரு பெண், அவரும் வளர்ந்த மகனும் பக்கத்தில் இருக்கும் அறையில் அதை முதன்முறையாகச் சொல்வாரா? சொல்லாவிட்டால் அவருடைய மிக வலுவான ஆதாரம் கோப்பிலேயே இல்லை. பிந்திச் சொன்னால் ஏன் படிவத்தில் எழுதவில்லை என்ற கேள்வி வரும். அச்சுறுத்துபவர் கணவனாகவே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1993இல் முதலில் வெளியிடப்பட்டு 2022இல் திருத்தப்பட்ட, பாலினம் பற்றிய சபைத் தலைவரின் வழிகாட்டல் இத்தகைய தயக்கத்தைப் புரிந்துகொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்கிறது. கோரிக்கையைப் பிரிக்கக் கேட்கவும் விதி உண்டு. விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 20 நாட்களுக்கு முன்னர் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் தொடர்ந்து ஆஜராக முடியுமா என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும். மனைவியோடு ஒரு முறையாவது தனியே பேசாத வழக்கறிஞர் தன் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

இதே தனித்தனித் தீர்ப்பு முறைக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கனடாவைக் குறைகூறுவது நேர்மையாகாது. துணையின் வழியாக அந்தஸ்து வரும் நாடுகளில், தீர்ப்புக்கு முன் உறவு முறிந்தால் மனைவியின் நிலை ஆட்டம் காணலாம். கனடாவில் தன் பெயரிலேயே அகதியாக ஏற்கப்பட்ட பெண்ணின் பாதுகாப்பு விவாகரத்தால் கரைந்துவிடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தனிக் கோரிக்கை என்பதால், அவர்களின் நலனைக் காக்க ஒரு நியமிக்கப்பட்ட பிரதிநிதி இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பெரும்பாலும் அது தாயோ தந்தையோதான். பெற்றோரின் நலனும் பிள்ளையின் நலனும் மோதினால் வேறொருவரை நியமிக்கலாம்.

ஏற்கப்பட்ட பின்னர்

சபை ஏற்றுக்கொண்டதும் ஒருவர் பாதுகாக்கப்பட்டவர் ஆகிறார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப ஒற்றுமைக்கு உரிய இடம் இது என்று நீதிமன்றங்கள் காட்டிய கட்டமும் இதுவே. ஆனால் இங்கேதான் குடும்பம் மிகவும் சுருங்குகிறது: கணவன் அல்லது மனைவி அல்லது சேர்ந்து வாழும் துணை, சார்ந்திருக்கும் பிள்ளை, அந்தப் பிள்ளையின் சார்ந்திருக்கும் பிள்ளை. அவ்வளவுதான்.

சேர்ந்து வாழும் துணை என்றால் ஓராண்டு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். துன்புறுத்தல் காரணமாக ஒன்றாக வாழ முடியாமற்போன, ஓராண்டுக்கு மேற்பட்ட இல்லறத்துக்கு நிகரான உறவையும் அதற்குச் சமமாகக் கொள்ளலாம் என்று ஒழுங்குவிதிகளின் முதல் விதியிலேயே ஒரு வரி இருக்கிறது. ஒருபால் உறவினருக்கும் தலைமறைவாக வாழ்ந்தோருக்கும் இது பெரிய துணை. ஆனாலும் விண்ணப்பங்களில் குறைவாகவே எடுத்துக்காட்டப்படுவது. மறுபக்கம், 2015 ஜூன் முதல், ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிலாள் வழியாகவோ நடந்த திருமணம் செல்லுபடியாகாது. ஊருக்குத் திரும்ப முடியாத அகதிக்கு இது நேரடியாகப் படும் விதி. அதனால்தான் இருவரும் மூன்றாவது நாடொன்றில் சந்தித்துத் தாலி கட்டும் ஏற்பாடுகள் நடக்கின்றன.

பிள்ளையின் வயது வரம்பு 22க்குக் கீழ். 2014 ஆகஸ்டில் அதை 19க்குக் கீழாகக் குறைத்தார்கள். 2017 ஒக்டோபர் 24 முதல் பழையபடி உயர்த்தினார்கள். உடல், மன நிலை காரணமாகத் தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கு வயது வரம்பு பொருந்தாது. முக்கியமானது வயது எந்த நாளில் கணக்கிடப்படுகிறது என்பது: கனடாவுக்குள் கோரிக்கை வைத்தவர்களுக்கு அது கோரிக்கை வைத்த நாள். அன்று 21 வயதாக இருந்த மகள், விசா வரும்போது 25ஐக் கடந்திருந்தாலும் வரலாம். ஆனால் பூட்டப்படுவது வயது மட்டுமே. திருமணமாகாதவர் என்ற நிபந்தனை கடைசி வரை நிற்க வேண்டும். தகப்பன் கனடாவில், மகள் ஊரில், ஆண்டுகள் போகின்றன, ‘எத்தனை நாளைக்குப் பெண்பிள்ளையைத் தனியே வைத்திருப்பது’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள், நல்ல வரன் வருகிறது. கல்யாணம் முடிந்த நாளோடு அவள் விண்ணப்பத்திலிருந்து வெளியேறுகிறாள். கோப்பு மெதுவாக நகர்ந்ததன் விலையை அந்தப் பெண்தான் கொடுக்கிறாள்.

வெளிநாட்டில் இருக்கும் துணையையும் பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். விண்ணப்பதாரர் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவர்களும் தமது விண்ணப்பத்தைச் செய்திருக்க வேண்டும். இந்த வழியில் வருபவர்களுக்கு ஸ்பொன்சர் உறுதிமொழி தேவையில்லை. மருத்துவச் செலவு அதிகமாகும் என்ற காரணத்தால் பாதுகாக்கப்பட்டவரின் குடும்பத்தினரை மறுக்கவும் முடியாது. அந்த வாய்ப்பு கைநழுவினால் குடும்ப வகுப்பின் கீழ், அதாவது உறவினரை அழைப்பதற்கான பொதுவான குடிவரவு வழியில், ஸ்பொன்சர் செய்ய வேண்டும். அங்கே இயலாமைக் கொடுப்பனவு அல்லாத சமூக உதவிப் பணம் பெறுபவர் ஸ்பொன்சர் செய்யவே தகுதியற்றவர்.

மறைத்த பெயர்

இந்தத் துறையில் அதிகக் கண்ணீரை வரவழைத்த விதி ஒழுங்குவிதிகளின் 117ஆம் விதி, 9ஆம் உபவிதி, ‘டி’ பந்தி. ஒருவர் நிரந்தர வதிவிடம் பெறும்போது அவருக்கிருந்த துணையோ பிள்ளையோ பரிசோதிக்கப்படாமல், அதாவது மருத்துவ, பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தப்படாமல் விடப்பட்டிருந்தால், அவரைப் பின்னர் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. உடன் வருகிறாரா இல்லையா என்பது கேள்வியல்ல. பெயர் சொல்லப்பட்டதா, சோதனைக்கு வந்தாரா என்பதே கேள்வி. காலவரையறை எதுவும் இல்லை. 2005இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதி அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உறுதிப்படுத்தியது.

யார் தன் பிள்ளையை மறைப்பார்? மறைத்தவர்கள் எல்லோரும் மோசடிக்காரர் என்று விதியை எழுதியவர்கள் எண்ணியிருக்க வேண்டும். முகவர் வேறொருவரின் குடும்பமாகக் காட்டி அழைத்து வந்தவர், அந்தக் கதையைக் கலைக்கப் பயப்படுவார். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைத் தன் வீட்டாருக்கே சொல்லாதவர் அரசாங்கப் படிவத்தில் சொல்லத் துணியமாட்டார். காணாமற்போன கணவனை இறந்தவராக எண்ணி ‘விதவை’ என்று எழுதியவருக்கு, அவர் தடுப்பு முகாமொன்றில் உயிரோடிருக்கும் செய்தி பிறகு வரலாம். கோரிக்கை வைத்த பின்னர் கல்யாணம் செய்தவரோ பிள்ளை பெற்றவரோ, கோப்பு ஏற்கனவே போய்விட்டது, இனி எதற்கு என்று இருந்துவிடுவதும் உண்டு. இந்தக் கடைசி வகைதான் எளிதில் தவிர்க்கக் கூடியது: நிரந்தர வதிவிடம் உறுதியாகும் கணம் வரைக்கும் குடும்பத்தில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

நீண்ட விமர்சனத்துக்குப் பின்னர் 2019 செப்டெம்பர் 9ஆம் திகதி ஒரு பொதுக் கொள்கை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. அகதியாக மீள்குடியேறியவர், கனடாவில் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர், துணையாகவோ சார்ந்த பிள்ளையாகவோ ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர் ஆகியோர், முன்னர் அறிவிக்காத குடும்பத்தினரை ஸ்பொன்சர் செய்ய அது இடம் தருகிறது. அந்த உறவை உரிய நேரத்தில் அறிவித்திருந்தாலும் அவருடைய சொந்தத் தகுதி பாதிக்கப்பட்டிருக்காது என்பது நிபந்தனை. கொள்கை பின்னர் நீடிக்கப்பட்டது. ஆனால் அது அமைச்சரின் கொள்கை மட்டுமே; விதி அப்படியே புத்தகத்தில் இருக்கிறது. உறவுக்கு ஆவணமே இல்லாத இடத்தில் டி.என்.ஏ. சோதனை கடைசி வழியாகக் கேட்கப்படுவதும் உண்டு.

தனியே வந்த பிள்ளை, தனித்துப்போன பெற்றோர்

குடும்ப உறுப்பினர் பட்டியலில் பெற்றோர் இல்லாததால் மிகவும் பாதிக்கப்படுவது தனியே வந்து அகதியாக ஏற்கப்பட்ட சிறுவர்கள். தந்தை தன் 15 வயது மகனை அழைத்துக்கொள்ளலாம். 15 வயது மகன் தன் தந்தையையோ தாயையோ தங்கையையோ அழைக்க முடியாது. ஸ்பொன்சர் செய்யவும் 18 வயதாக வேண்டும். அதற்குப் பிறகும் பெற்றோர், பாட்டன் பாட்டி திட்டத்தில் வருமான வரம்பு உண்டு, 20 ஆண்டுப் பொறுப்பு உண்டு. 2020இல் விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலிலிருந்தே அடுத்து வந்த ஆண்டுகளிலும் குலுக்கல் முறையில் அழைப்பு விடுக்கப்பட்டது. பெற்றோரை இழந்த, 18 வயதுக்குட்பட்ட சகோதரரையோ மருமக்களையோ பேரப்பிள்ளையையோ ஸ்பொன்சர் செய்யக் குடும்ப வகுப்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் உயிரோடிருந்தாலும் அது பொருந்தாது.

எஞ்சுவது 25ஆம் பிரிவு, அதாவது மனிதாபிமான, இரக்க அடிப்படையிலான விண்ணப்பம். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவருக்கு 12 மாதத் தடை உண்டு. நேரடியாகப் பாதிக்கப்படும் பிள்ளையின் நலன் சம்பந்தப்பட்டிருந்தால் அந்தத் தடை விலகலாம். பிள்ளையின் நலனுக்கு உரிய எடை தர வேண்டும் என்று 1999இல் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை இன்னும் முன்னெடுத்தது இலங்கையின் வடக்கிலிருந்து 2010இல் 16 வயதில் கனடாவிலிருந்த உறவினரிடம் வந்து சேர்ந்த ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு. அவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. 2015 டிசம்பர் 10ஆம் திகதி கந்தசாமி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், துன்பத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒவ்வொன்றும் போதாது என்று தள்ளும் முறையைக் கண்டித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்குமாறு பணித்தது. அகதிச் சட்டத்தின் கீழ் தோற்ற அதே சம்பவங்கள், துன்பம் என்ற கோணத்தில் இங்கே எடுக்கப்படலாம் என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது. ஆயினும் 25ஆம் பிரிவு உரிமையல்ல, அதிகாரியின் தற்றுணிபு. குடும்பம் சேர்வதற்கான வழமையான பாதையை அதன் மேல் போடுவது பலவீனமான சட்டமியற்றல் என்றே நினைக்கிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு விதமான வதிவிடம்

குடும்பம் ஒன்றுசேர்ந்த பின்னரும் இந்த வேறுபாடு தொடர்கிறது. சபையால் அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர் தன் நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அங்கே போய் வந்தால், 108ஆம் பிரிவின் கீழ் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவருமாறு அமைச்சர் சபையைக் கேட்கலாம். 2012 டிசம்பர் முதல், தாமாகவே தம் நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப நாடியவருக்கு அதனோடு நிரந்தர வதிவிடமும் பறிபோகிறது. தாயின் கோரிக்கையோடு சேர்க்கப்பட்டு, சிறுவயதில் ஏற்கப்பட்ட பிள்ளையும் தன் பெயரில் அகதிதான். தான் எதற்காக அகதியானோம் என்பதே சரியாகத் தெரியாமல் வளர்ந்து, பாட்டியைப் பார்க்கப் போனவருக்கும் இது வரலாம். 2022இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், பயணத்தின் நோக்கம், அச்சத்துக்குக் காரணமானவர் யார், விளைவை அந்த நபர் உண்மையில் அறிந்திருந்தாரா என்பன போன்றவற்றைச் சபை எடைபோட வேண்டும் என்று கூறியதால் நிலைமை சற்று இளகியது.

அதே வீட்டில், வெளிநாட்டிலிருந்து குடும்ப உறுப்பினராக வந்த மனைவி தன் பெயரில் அகதியாகத் தீர்மானிக்கப்பட்டவர் அல்லர். ஆகவே 108ஆம் பிரிவு அவரைத் தொடுவதில்லை. அவர் ஊருக்குப் போய்த் தாயின் இறுதிச் சடங்கில் நிற்கலாம், கணவன் நிற்பது ஆபத்து. இருவரின் அட்டைகளைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் குடும்பமாக விமானச்சீட்டுப் பதிவு செய்துவிடுகிறார்கள். குடியுரிமை பெற்ற பின்னர் இந்த நடைமுறை பொருந்தாது. ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கில், நிரந்தர வதிவிடத்துக்கு முன்னர் பாதுகாக்கப்பட்டவராக இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாட்கள் வரை, சேர்த்துக்கொள்ளப்படும். ஆனால் அமைச்சரின் விண்ணப்பம் சபைக்குப் போய்விட்டால் குடியுரிமைக் கோப்பு நிறுத்தி வைக்கப்படலாம் என்பதால், முதலில் பயணம், பிறகு குடியுரிமை என்ற வரிசை இவர்களுக்குப் பொருந்தாது.